சத்தமில்லாமல் ஊற்றுகிற கை

அவர் தண்ணீர் ஊற்றும்போது சத்தம் கேட்காது. செம்பு சரிவது கண்ணுக்குத் தெரியாது. பேணியில் தண்ணீர் ஏறுவது மட்டும் தெரியும். நூல் போல ஒரு தண்ணீர் பேணியின் உட்புறத்தில் பட்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். விளிம்புக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது செம்பு நிமிர்ந்துவிடும். வெளியே ஒரு துளி இருக்காது.

"சத்தம் கேட்டா அது சிந்தின தண்ணி, பிள்ளை" என்பார்.

இப்போது நான் விஞ்ஞான ஆசிரியை. மாணவிகளுக்கு அமிலம் ஊற்றிக் காட்டும்போது அந்தக் கையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அதைவிடத் திறமான கையை நான் கண்டதில்லை. நல்ல கை என்று எழுத வந்து, சொல்லை மாற்றிக்கொண்டேன்.

அவரை எல்லோரும் அன்ரி என்றார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை. மரியாதை காரணமல்ல. அவரும் ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. "பிள்ளை"யோடு நிறுத்திக்கொண்டார். இருவருக்கும் கணக்குச் சரி.

எழுபதுகளின் தொடக்கத்தில், அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் மழை பொய்த்த ஒரு கோடையில் மூன்று மாதம் அவர் வீட்டில் இருந்தேன். ஆசிரியப் பயிற்சிக்குப் புலமைப்பரிசிலில் வந்திருந்தேன். அந்த நாட்டுக் கோடை விடுமுறைக்கு மார்கழியில் ஹொஸ்டலை மூடிவிட்டார்கள், மார்ச்சில்தான் திறப்பார்கள். அந்த நாளில் நகரத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். என் விரிவுரையாளருக்கு அன்ரியின் கணவரை, அங்கிளைத் தெரிந்திருந்தது. அங்கிள் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையொன்றில் பொறியியலாளர். "எங்கட பிள்ளை ஒண்டு தனிய நிக்கிறதோ? கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று அவர்தான் சொல்லியனுப்பினார். தன் மனைவியிடம் கேட்டுச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது.

வீடு நகரத்தின் மேற்கு விளிம்பில், ரயில் நிலையத்திலிருந்து ஒரு மைல் நடக்கிற தூரத்தில் இருந்தது. முன்பு அது பண்ணை வீடு. பண்ணையைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். வீதிக்கு அந்தப் பக்கம் கிழமைக்கு ஒரு புது வீடு முளைத்தது. வீட்டுக்குப் பின்னால் பண்ணைக் காலத்துத் தண்ணீர்த் தாங்கி ஒன்று மிச்சமிருந்தது. வளைந்த தகரத்தால் செய்தது. கூரையில் விழுகிற மழை பீலி வழியாக அதற்குள் இறங்கும். அடியில் ஒரு பித்தளைக் குழாய்.

வந்த அன்றைக்கே என்னைக் குசினிக் கதிரையில் இருத்தி அன்ரி கேட்டார்.

"எவடம் பிள்ளை?"

ஊரைச் சொன்னேன்.

"அங்கை எவடத்திலை?"

"வாசிகசாலையடி."

"வாசிகசாலைக்குக் கோயில் பக்கமோ, வெட்டைப் பக்கமோ?"

"வெட்டைப் பக்கம், அன்ரி."

"ஐயா என்ன செய்யிறார்?"

"கிணறு வெட்டுறவர்."

இதைச் சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வது என் வழக்கம். கிணறு வெட்டுகிறவரின் மகள் இரசாயனத்தில் பட்டம் எடுத்தாள் என்பதை, கேட்கிறவர் தானாகச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு வினாடி இடம் விடுவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாங்கில் இருந்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையை நான் ஒளித்ததில்லை, இப்போதும் ஒளிக்கவில்லை.

"நல்ல தொழில்" என்றார் அன்ரி. "தண்ணி ஊறுமட்டும் அவைக்கு வேலை இருக்கும்."

எங்கள் ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள், அடியில் தண்ணீர் ஊறிக் கணுக்காலை நனைத்ததும் மேலே ஏறிவிட வேண்டும். அதன் பிறகு அந்தக் கிணற்றின் கயிற்றில் அவர்கள் கை படக் கூடாது. தாகமென்றால் தள்ளி நின்று கையை ஏந்த வேண்டும். வீட்டுக்காரர் வார்ப்பார். இது எனக்குத் தெரியாததல்ல. அந்தக் கைகளில் வளர்ந்தவள் நான். ஆனால் அது விமானம் ஏறி வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. படித்தவள் என்ற நினைப்புத்தான் காரணம்.

அன்ரி எழுந்து, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நீல எனாமல் பேணியை எடுத்துத் துடைத்து என் முன்னால் வைத்தார். "இது உமக்கு. வேறை ஒருத்தரும் பாவிக்க மாட்டினம்" என்றார். செம்பைச் சரித்தார். சத்தமில்லாமல் ஊற்றினார். குழாய்த் தண்ணீரில் மருந்து மணக்கிறது என்று அந்த வீட்டில் குடிப்பதும் சமைப்பதும் தாங்கித் தண்ணீரில்தான். ஐந்து வாரமாக ஹொஸ்டல் தண்ணீர் குடித்த எனக்கு அது இனித்தது.

அன்றிரவே வீட்டுக்கு எழுதினேன். எனக்கென்று தனிப் பேணி வைத்திருக்கிறார்கள், மகள் மாதிரிப் பார்க்கிறார்கள் என்று எழுதினேன்.

மகள் மாதிரி என்றதில் முழுப் பொய் இல்லை. வந்து இரண்டாம் கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் அன்ரி என் கட்டிலடியில் கதிரை போட்டு இருந்தார். கொத்தமல்லி அவித்து, வாயைத் திறக்கச் சொல்லி, மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தார். ஒரு சொட்டு தலையணையில் விழவில்லை. நெற்றிக்கு ஈரத்துணி போட்டார். கடை வீதியில் பால் விற்கிறவன் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு என்னைக் காக்க வைத்தபோது, அடுத்த நாள் அன்ரி சேலையோடு போய் அவன் முன்னால் நின்று, "இந்தப் பிள்ளை யூனிவர்சிற்றி. யூ நோ? யூனிவர்சிற்றி" என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஐம்பது சொல். அதில் மூன்றை எனக்காகச் செலவழித்தார்.

கோடை ஏற ஏற மழை இல்லாமற் போனது. தோட்டங்களுக்கு ரப்பர்க் குழாய் பிடிக்கக் கூடாது, வாளியால் மட்டும் ஊற்றலாம் என்று உத்தரவு வந்தது. மீறுகிறவர்களைப் பிடிக்க ஆட்கள் காரில் திரிந்தார்கள். வீதி முழுக்கப் புல் எரிந்து வைக்கோல் நிறமானது. வடக்கிலிருந்து, நாட்டின் நடுப் பாலைவனத்தைத் தாண்டி வருகிற காற்று அடிக்கிற நாட்களில் காயப்போட்ட வெள்ளைத் துணி செங்கல் நிறத்தில் திரும்பும். எங்கள் பக்கத்தில் புது வீடுகள் கூடக் கூடக் குழாயில் தண்ணீரின் பலம் குறைந்தது. பின்னேரம் எல்லோரும் ஒன்றாகத் திறக்கும்போது குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும்.

"வீடு கட்ட முதல் கிணறு வெட்டவேணும்" என்பார் அன்ரி. "இவங்கள் வீட்டைக் கட்டிப்போட்டு வானத்தைப் பாக்கிறாங்கள்."

அந்தக் கோடை அவருக்காகவே வந்தது போலிருந்தது. காலையில் எழுந்ததும் தாங்கியடிக்குப் போவார். தகரத்தில் வளையம் வளையமாக மடிப்புகள் இருக்கும். கீழிருந்து மேலாக விரல் மொழியால் ஒவ்வொரு மடிப்பையும் தட்டுவார். தண்ணீர் நிற்கிற இடம்வரை சத்தம் அடைத்துக் கேட்கும். அதற்கு மேலே வெறுமையாக ஒலிக்கும். "ஏழு" என்பார். அடுத்த கிழமை "ஆறரை." அரிசி கழுவிய தண்ணீர் மிளகாய்க் கன்றுக்கு, மீன் கழுவியது கறிவேப்பிலைக்கு, முகம் கழுவியது படிக்கட்டுக்கு. சலவை இயந்திரத்தின் குழாயை வாளிக்குள் வளைத்துவிட்டிருந்தார். அங்கிள் குளித்து முடித்து வரும்போது கதவடியில் நிற்பார்.

"எத்தினை வாளி?"

"ரெண்டு."

"மூண்டாவது தரம் பைப் கிறீச்சிட்டது. எனக்குக் காது இருக்கு."

அங்கிள் துவாயைத் தோளில் போட்டபடி திருடன் மாதிரிப் போவார்.

முன்வீட்டில் பெவ் என்றொரு பெண் இருந்தாள். சிவத்த முகம், பெரிய சிரிப்பு. நாலு வயதில் ஒரு மகள், ஒரு மஞ்சள் நாய். கணவன் லொறியோட்டி. பின்னேரங்களில் குழாய் நின்றதும் பெவ் வாளியோடு வருவாள். ஒரு நாளுக்கு ஒரு வாளி என்று அன்ரி விரலைக் காட்டுவார். பெவ் சலாம் போடுவாள். இருவருக்கும் இடையில் பேச்சை மொழிபெயர்ப்பது நான். அந்த வேலையை நான் விரும்பினேன். என் ஆங்கிலம் கேட்டு பெவ், "நீ அரசியை விட நன்றாகப் பேசுகிறாய், லவ்" என்பாள்.

தை மாதம் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் படப்பெட்டியோடு வந்தார். வறட்சியில் தண்ணீர் சேமிக்கத் தெரிந்த சீமாட்டி என்று பெவ்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். அன்ரி பட்டுச் சேலை உடுத்து, செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாங்கியடியில் நின்றார்.

"எங்கே இதைப் பழகினீர்கள் என்று கேட்கிறார், அன்ரி."

"சொல்லும் பிள்ளை. எங்கட ஊரிலை ஆறு இல்லை, குளம் கோடையிலை காஞ்சிடும். கிணறுதான். எங்கட வீட்டுக் கிணத்திலை ஊர் முழுக்கக் குடிச்சது எண்டு சொல்லும். ஒருத்தருக்கும் இல்லை எண்டு சொன்னதில்லை எண்டு சொல்லும்."

அவர் சொன்னது எனக்குத் தெரிந்த ஊர். அந்த ஊரில் 'முழுக்க' என்றால் யார் யார் என்பதும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். நான் ஒரு சொல் குறையாமல், நல்ல ஆங்கிலத்தில், அதைச் சொன்னேன். அடுத்த கிழமை அது அச்சில் வந்தது. அன்ரி அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டார். படத்தின் ஓரத்தில் என் பாதித் தோள் தெரிந்தது.

அதே நாட்களில்தான் அய்யாவின் பதில் வந்தது. அய்யா சொல்ல, தங்கச்சி எழுதியது. சுகம் விசாரித்து, மழை விசாரித்து, கடைசியில் ஒரே ஒரு வரி:

"உனக்குத் தனிப் பேணி தந்தவை எண்டு எழுதியிருந்தாய். அவையள் எந்தப் பேணியிலை குடிக்கினம் எண்டு பார்."

எழுத்து ஒன்றும் தெரியாத மனிதர். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து, அந்தக் குசினிக்குள் நான் ஒன்றரை மாதமாகப் பார்க்காததைப் பார்த்துவிட்டார்.

பார்த்தேன். அவர்கள் எவர்சில்வர் தம்ளர்களில் குடித்தார்கள். அவற்றை அன்ரி கழுவி ஒரு தட்டில் கவிழ்ப்பார். என் நீலப் பேணியை நான் கழுவி யன்னல் விளிம்பில் வைக்க வேண்டும். இரண்டும் ஒருநாளும் ஒரு தட்டில் இருந்ததில்லை. செம்பை நான் தொட்டதில்லை. தாங்கியின் குழாயையும் தொட்டதில்லை. தொடப் போன ஒவ்வொரு தடவையும் அவர் கை முந்தியிருக்கிறது. அவ்வளவு நயமாக முந்தியிருக்கிறது. நான் அதை உபசாரம் என்று எண்ணியிருந்தேன்.

அன்றைக்கே பரீட்சித்தேன். "இண்டைக்கு நான் தண்ணி எடுக்கிறன், அன்ரி" என்றேன்.

"விடும் பிள்ளை. அந்தப் பைப் இறுக்கம்."

அடுத்த நாள், "செம்பைத் தாங்கோ, நான் நிரப்பிக்கொண்டு வாறன்."

"உமக்கு ஏன் கரைச்சல்? வோஷர் தேஞ்சிட்டுது. எனக்குத்தான் அதின்ரை பழக்கம் தெரியும்."

அன்று பின்னேரம் பெவ் வந்தாள். அந்த இறுக்கமான குழாயை இரண்டு விரலால் திறந்தாள். வாளி நிரம்பும்வரை கையைக் குவித்துக் குடித்தாள். மகள் குழாயில் வாயை வைத்து உறிஞ்சினாள். மஞ்சள் நாய் கடைசியாக வந்து, சொட்டுகிற குழாயை நக்கியது.

அன்ரி சிரித்தார். "பாவம், அதுக்கும் தாகம்" என்றார் என்னைப் பார்த்து.

அன்றிலிருந்து எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அந்தக் குழாயை என் கையால் திறந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரே ஒரு தம்ளர். பட்டம், பரிசில் எல்லாம் பிறகு. படிக்க உட்கார்ந்தால் எழுத்து ஓடாது, அந்தப் பித்தளைதான் கண்ணுக்குள் நிற்கும். குளியலறைக் குழாய் எனக்குத் திறந்துதான் இருந்தது. மருந்து மணந்தாலும் அதுவும் தண்ணீர்தான். ஆனால் நான் கேட்டது தண்ணீரை இல்லை.

அங்கிளிடம் சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காரின் கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அதே இடத்தைத் துடைத்தார்.

"எனக்கு இதிலை ஒண்டும் இல்லை, பிள்ளை. தெரியும்தானே? நான்தான் உம்மைக் கூப்பிட்டனான்."

"ஓம், அங்கிள்."

"அவ அப்பிடி வளர்ந்தவ. இனி மாத்தேலாது. உமக்கு இன்னும் நாலு கிழமைதானே? படிப்பைப் பாரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையிலை அவவுக்கு உம்மிலை நல்ல விருப்பம்" என்றார்.

அது உண்மை. அதுதான் என்னால் விழுங்க முடியாததாக இருந்தது.

பெப்ரவரியில் ஒரு நாள் வடகாற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. நான் நகர நூலகத்தில் படித்துவிட்டு, மூன்று மணிக்கு ரயிலால் இறங்கி ஒரு மைல் நடந்தேன். தார் செருப்பில் ஒட்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பெவ்வின் மகள் வாசலில் நின்று, "தண்ணீர் போய்விட்டது" என்று கத்தினாள். மதியத்திலிருந்து தெருவில் எந்தக் குழாயிலும் ஒரு சொட்டு வரவில்லையாம்.

வீட்டுக்குள் போனேன். யன்னல் சீலைகள் மூடியிருந்தன. அன்ரி நெற்றியில் ஈரத்துணியோடு சோபாவில் சாய்ந்திருந்தார். நித்திரை என்று நினைத்தேன். குசினிக்குள் போய், கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்களில் ஒன்றை எடுத்தேன். ஒளித்து எடுக்கவில்லை. பின்கதவைத் திறந்து தாங்கியடிக்குப் போனேன். காலையில் அன்ரி "நாலு" என்று சொல்லியிருந்தார்.

குழாய் இறுக்கமில்லை. வோஷரிலும் ஒரு குறையுமில்லை. பித்தளை சுட்டது, அதற்குள் இருந்து வந்த தண்ணீர் குளிர்ந்திருந்தது. தகரமும் காய்ந்த இலையும் கலந்த ருசி. நின்றபடி முதல் தம்ளரைக் குடித்தேன். இரண்டாவதை மெதுவாகக் குடித்தேன். என்னால் முடிந்த அளவு மெதுவாக.

திரும்பியபோது வலைக் கதவுக்குப் பின்னால் அன்ரி நின்றார்.

"குடிச்சு முடிஞ்சுதோ?"

"ஓம், அன்ரி."

"வெயிலுக்காலை வந்த உடனை இவ்வளவு குடிக்கக் கூடாது, பிள்ளை. வயித்துக்கை பிடிக்கும்" என்றார். கதவைத் திறந்து பிடித்தார். நான் உள்ளே வரும்போது சேலைத் தலைப்பை ஒரு விரலளவு ஒதுக்கிக்கொண்டார்.

அறைக்குள் போய்ப் படுத்தேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த அரை மணித்தியாலம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சத்தம் கேட்டுத்தான் எழும்பினேன். யாரோ பறை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பின்கதவடிக்கு ஓடினேன். அன்ரி தாங்கியின் அடியில் இருந்த பெரிய அடைப்பைக் குறட்டால் கழற்றி எறிந்திருந்தார். தொடை மொத்தத்தில் தண்ணீர் பாய்ந்தது. பக்கத்தில் குசினிக் கதிரையைப் போட்டு, மடியில் கைகளைக் கோத்து, நேராக முதுகை வைத்து இருந்தார். ஒரு முகம் கழுவிய தண்ணீரைப் படிக்கட்டுக்கு எடுத்து வைத்த மனுஷி. நாலு மடிப்புத் தண்ணீர் முட்செடிகளுக்கு மேலால் ஓடி, வெடித்த நிலத்துக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலம் குடித்த வேகத்துக்குக் குமிழி வந்தது.

எங்கள் ஊரில் கைபட்ட கிணற்றை அன்றைக்கே இறைத்துவிடுவார்கள். ஆறு வயதில் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீராவது புகையிலைத் தோட்டத்துக்குப் போனது.

சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்க வேண்டும். பெவ் இரண்டு வாளிகளோடு ஓடி வந்தாள். பின்னால் மகள். "கடவுளே, ஓட்டையா? பிடியுங்கள், பிடியுங்கள்!" என்று வாளியை நீட்டினாள். அன்ரி பாய்ந்து எழுந்து அந்த வாளியைத் தள்ளிவிட்டார்.

"நோ, நோ! பாட்! பாட்!"

அவரை அப்போது எனக்கு விளங்கியது. கெட்டுப்போனது என்று தான் நம்பிய தண்ணீரை அயலவளுக்குக் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. அதில் அவர் நேர்மையான ஆள்.

"பிள்ளை, அவவுக்குச் சொல்லும்" என்றார் மூச்சு வாங்க. "உள்ளுக்கை பொசம் ஒண்டு செத்துக் கிடந்தது எண்டு சொல்லும்."

பொசம் அந்த ஊரில் கூரையேறித் திரிகிற, மரநாய் போன்ற ஒரு பிராணி.

"சொல்லுமன். உமக்காகத்தான் சொல்லுறன், பிள்ளை. உம்மடை மானத்துக்காக."

பத்திரிகைக்காரருக்கு நான் ஒரு சொல் குறையாமல் சொன்னது ஞாபகம் வந்தது. இந்த முறை அப்படிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். பெவ்வுக்கு முன்னால் போய் நின்று, என் மிக நல்ல ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"இன்றைக்கு நான் இந்தத் தாங்கியிலிருந்து என் கையால் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அதனால்தான் இவர் இதைத் திறந்து விடுகிறார். வேறு காரணமில்லை."

பெவ் என்னைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். மறுபடி என் கைகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அவள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது: இந்த நகரத்திலேயே தண்ணீரை மதிக்கிற மனுஷி, இப்படி ஒரு நாளில், இவ்வளவையும் கொட்டுகிறாள் என்றால் அதற்கு ஒரு பெரிய காரணம் இருக்கும்.

"உனக்கு என்ன நோய், லவ்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நோய் ஒன்றுமில்லை. நான் பிறந்த குடும்பம் அப்படி. என் அய்யா, அம்மா, எல்லோரும். நாங்கள் தொட்ட தண்ணீரை இவர்கள் குடிப்பதில்லை."

"முழுக் குடும்பத்துக்குமா?" என்றாள் பெவ். கண் கலங்கியிருந்தது. "ஐயோ, பாவம் நீ." சொல்லிக்கொண்டே, என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இன்னும் சொல்ல வாயெடுத்தேன். சொல்லச் சொல்ல அவள் இன்னும் இரங்குவாள் என்று தெரிந்தது. நிறுத்திவிட்டேன்.

ஹொஸ்டல் திறக்க இரண்டு கிழமை இருந்தது. மழை பெய்யவில்லை. அன்ரி அந்த இரண்டு கிழமையும் மருந்து மணக்கிற குழாய்த் தண்ணீரைக் குடித்தார். ஒவ்வொரு மிடறுக்கும் முகம் சுழிந்தது. ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. சாப்பாடு முன்போலவே வந்தது, மீன் பொரியலில் பெரிய துண்டு முன்போலவே என் தட்டில் இருந்தது. காலையில் தாங்கியடிக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டார். நானும் குழாய்த் தண்ணீர்தான் குடித்தேன். இப்போது இருவரும் ஒரே தண்ணீர் குடிக்கிறோம் என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் பெவ் வந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. தேங்காய்ப்பூ தூவிய கேக் ஒன்றை ஒரு தட்டில் வைத்து வேலிக் கட்டையின் மேல் வைத்தாள்.

"உனக்குத்தான், லவ். நானே சுட்டது. படிப்பெல்லாம் நன்றாகப் போகட்டும்."

நன்றி சொன்னேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

"ஐயோ, வேண்டாம்" என்றாள் அவசரமாக. பிறகு, என்னை நோகடிக்காமல் இருக்க, பெரிதாகச் சிரித்தாள். "தட்டை நீயே வைத்துக்கொள்."

உள்ளே கொண்டு வந்து குசினி மேசையில் வைத்தேன். நல்ல பீங்கான், விளிம்பில் ரோசாப்பூ. அன்ரி கிட்ட வந்து குனிந்து கேக்கைப் பார்த்தார். தொடவில்லை.

"தட்டைத் திருப்பிக் குடுக்கவேணுமோ?" என்று கேட்டார்.

"வேண்டாமாம்."

அன்ரி தலையை ஆட்டினார். யன்னலுக்கு வெளியே, வீதியைக் கடந்து போகிற பெவ்வை நெடுநேரம் பார்த்தார். அயலில் தன்னைப் போல ஒருத்தி இருப்பதை அன்றைக்குத்தான் கண்டவர் மாதிரி.

"பண்பான மனுசி" என்றார்.